ஏஎஸ்/400 புரோகிராம்களைப் புதுப்பித்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

ஐபிஎம்மின் வணிகக் கணினியான ஏஎஸ்/400 வெளிவந்தது 1988 ஜூனில். அதன் மூத்த அண்ணனான சிஸ்டம்/38 அதற்கும் பத்து ஆண்டு முந்தியது. அந்தக் காலத்தில் ஆர்பிஜி 3 மொழியில் எழுதிய பில்லிங், ஸ்டாக், சம்பளப் புரோகிராம்கள், பெயர் ஐசீரீஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐ என்று மாறிக்கொண்டே வந்தபோதும் நிற்காமல் ஓடின. இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன.

அவற்றை ஆர்பிஜி 4-க்கு மாற்றி, டிடிஎஸ் (பழைய ஃபைல் வரையறை முறை) ஃபைல்களை எஸ்க்யூஎல் டேபிள்களாக்கி, முன்னால் ஒரு வெப் ஸ்கிரீனையும் வைத்தால் கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். "பழைய கோடில் பிழை" என்று எல்லோரும் உடனே கை காட்டுவார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பழைய சூழல் ஏதோ ஒன்றைச் சத்தமில்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தது, புதிய சூழல் பொறுப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஏதோ ஒன்று எது என்று தெரியாமல் லாஜிக்கில் கை வைத்தால் ஒரு கோளாறு இரண்டாகும். கீழே அறிகுறி வாரியாகத் தேடும் வழியைக் கொடுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

எதுவானாலும் முதலில் ஜாப் லாக், அதாவது ஓடிய வேலையின் செய்திப் பதிவு. சிஎச்ஜிஜாப் கட்டளையில் லாகிங் லெவலை 4, சிவியரிட்டியை 00, டெக்ஸ்டை ஸ்டார் செக்லெவல் என்று வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். லாகின் கடைசி வரியில் சிபிஎஃப்9999 இருக்கும். அதை விட்டுவிடுங்கள், அது வெறும் 'ஃபங்ஷன் செக்'. அங்கிருந்து மேலே ஏறி, முதன்முதலில் வந்த எஸ்கேப் மெசேஜைப் பிடியுங்கள். அதன் மேல் கர்சரை வைத்து எஃப்1 அழுத்தினால் எந்த ஸ்டேட்மென்ட், எந்த ஃபைல் என்பது வரை சொல்லிவிடும். இதைச் செய்யாமல் டீபக் போடுவது நேர விரயம்.


ஒரு வரிகூட மாற்றவில்லை, ரீகம்பைல் மட்டும் செய்தேன், நடத்தை மாறிவிட்டது

கையில் இருக்கும் சோர்ஸ் வேறு, ஓடிக்கொண்டிருந்த ஆப்ஜெக்டின் சோர்ஸ் வேறு. இருபது முப்பது வருடம் பலர் கைபட்ட சிஸ்டங்களில் இது சகஜம். டிஎஸ்பிஓபிஜேடி கட்டளையை டீடெய்ல் ஸ்டார் சர்வீஸ் என்று கொடுத்தால், அந்த ஆப்ஜெக்ட் எந்த லைப்ரரியின் எந்த மெம்பரிலிருந்து கம்பைல் ஆனது, அப்போது அந்த சோர்ஸ் கடைசியாக மாறிய தேதியும் நேரமும் என்ன என்று காட்டும். மெம்பரின் இப்போதைய தேதியோடு ஒப்பிடுங்கள். விநாடி வரை ஒத்துப்போனால்தான் அது அசல்.

ஒத்துப்போனாலும் முழு நிம்மதி கிடையாது. காப்பி மெம்பர்கள் மாறியிருந்தால் இந்தத் தேதியில் தெரியாது. ஃபைலின் லேஅவுட்டும் அப்படித்தான். கம்பைல் நேரத்தில் அது புரோகிராமுக்குள் பதிந்துவிடும், பிறகு ஃபைல் மாறியதை சோர்ஸ் தேதி சொல்லாது.

ஆகவே புதுப்பிக்கும் வேலையில் முதல் படியாக, எதையும் மாற்றாமல் அப்படியே ரீகம்பைல் செய்து, பழையதோடு அவுட்புட்டை ஒப்பிட்டுவிடுங்கள். சிவிடிஆர்பிஜிஎஸ்ஆர்சி போட்டு ஆர்பிஜி 4-ஆக்குவது அதற்குப் பிறகுதான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், எந்த மாற்றத்தால் எது உடைந்தது என்று பிரிக்க முடியாது.

சோர்ஸே இல்லையா? சிஎல் (கட்டளை மொழி) புரோகிராம் என்றால் ஆர்டிவிசிஎல்எஸ்ஆர்சி மூலம் மீட்க வாய்ப்பு உண்டு, கம்பைல் செய்தவர் அதற்கு அனுமதி வைத்திருந்தால். ஐஎல்இ ஆர்பிஜி (ஆர்பிஜி 4 ஓடும் புதிய சூழல்) என்றால் லிஸ்ட் டீபக் வியூவோடு கம்பைல் ஆகியிருக்கிறதா என்று எஸ்டிஆர்டிபிஜி போட்டுப் பாருங்கள். இருந்தால் திரையிலேயே முழு சோர்ஸும் தெரியும். இரண்டும் இல்லையென்றால், சோர்ஸ் இல்லாமலேயே ஓடுவதையாவது உறுதி செய்துகொள்ளுங்கள். 1995-இல் 48 பிட்டிலிருந்து 64 பிட் பவர்பிசிக்கு மாறியபோதும், 2008-இல் வி6ஆர்1 வந்தபோதும், புரோகிராம்கள் இயந்திரத்தால் மறுபடி மொழிபெயர்க்கப்பட்டன. அதற்குத் தேவையான உள்தகவலை, இடம் மிச்சம் என்று யாராவது நீக்கியிருந்தால் அந்த ஆப்ஜெக்ட் புதிய ரிலீஸுக்கு வராது. ஏஎன்இசட்ஓபிஜேசிவிஎன் கட்டளை இதை முன்கூட்டியே சொல்லிவிடும்.


சிபிஎஃப்4131: லெவல் செக்

ஃபைலில் ஒரு ஃபீல்டு சேர்த்தீர்கள், அல்லது டிடிஎஸ்ஸை எஸ்க்யூஎல் டேபிளாக்கினீர்கள். அடுத்த நிமிடம் அதைத் திறக்கும் எல்லாப் புரோகிராமும் விழுகிறது.

ஃபார்மட்டின் பெயர், ஃபீல்டுகளின் பெயர், வரிசை, நீளம், டைப் இவற்றிலிருந்து சிஸ்டம் ஓர் அடையாள எண்ணைச் செய்கிறது. புரோகிராமுக்குள் பதிந்திருக்கும் எண்ணும் ஃபைலின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஓப்பனிலேயே நிறுத்திவிடும். இது தொந்தரவு மாதிரித் தெரிந்தாலும் நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. இதை எல்விஎல்சிஎச்கே ஸ்டார் நோ போட்டு வாயடைக்காதீர்கள். நடுவில் ஒரு ஃபீல்டு சேர்ந்திருந்தால் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பைட்டும் நகர்ந்து நிற்கும். புரோகிராம் விழாது, தவறான எண்களைக் கூட்டி அழகாக அச்சடித்துக் கொடுக்கும். விழுவதே மேல்.

சரியான வழி: புதிய ஃபிசிக்கல் ஃபைலை அல்லது டேபிளைப் புதுப் பெயரில் செய்யுங்கள். பழைய பெயரில் ஒரு லாஜிக்கல் ஃபைல். அதில் பழைய ஃபீல்டுகள் மட்டும், பழைய வரிசையில், பழைய ஃபார்மட் பெயரோடு. அடையாள எண் அப்படியே நிற்கும், புது ஃபீல்டு தேவைப்படாத நூறு புரோகிராம்களைத் தொடவே வேண்டாம். தொட வேண்டியவை எவை என்று டிஎஸ்பிபிஜிஎம்ஆர்இஎஃப் அவுட்புட்டை ஒரு ஃபைலில் இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்க்யூஎல் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. கிரியேட் டேபிளில் ஆர்சிடிஎஃப்எம்டி சொல்லாவிட்டால் ஃபார்மட்டின் பெயர் டேபிளின் பெயராகவே அமையும், ஆர்பிஜி அதை ரீநேம் இல்லாமல் ஏற்காது. அப்புறம், நாட் நல் என்று எழுதாத காலம் (நெடுவரிசை) எல்லாம் நல், அதாவது மதிப்பே இல்லாத நிலையை, ஏற்கும் காலம். டிடிஎஸ்ஸில் வழக்கம் நேர் எதிர். கியூஎஸ்ஒய்எஸ்2-இல் இருக்கும் ஜெனரேட் எஸ்க்யூஎல் புரொசீஜரைக் கொண்டு டிடிஎல்லை (டேபிள் வரையறையை) எடுத்தால் இந்த இரண்டிலும் தப்பிக்கலாம். கையால் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.


எம்சிஎச்1202 அல்லது ஆர்என்எக்ஸ்0907: டெசிமல் டேட்டா எரர்

கன்வெர்ஷன் முடிந்த வாரத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நியூமெரிக் ஃபீல்டுக்குள் எண் அல்லாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

5 இலக்க பேக்டு ஃபீல்டு (பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசியில் குறி) 3 பைட் எடுக்கும். 12345 என்பது ஹெக்ஸில் 12 34 5எஃப். கடைசி அரை பைட் குறி. எஃப் அல்லது சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். இப்போது ஒரு டேட்டா ஸ்ட்ரக்சருக்குள் அந்த ஃபீல்டு இருக்கிறது, ஐஎன்இசட் (தொடக்க மதிப்பு கொடு) எழுதவில்லை என்று வையுங்கள். ஆர்பிஜி முழு ஸ்ட்ரக்சரையும் வெற்றிடத்தால் நிரப்பும். இந்த இயந்திரத்தின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் வெற்றிடம் ஹெக்ஸ் 40. ஆக ஃபீல்டில் இருப்பது 40 40 40. இலக்கங்களாகப் படித்தால் 4, 0, 4, 0, 4, அதில் தவறில்லை. குறி இருக்க வேண்டிய இடத்தில் 0. அங்கேதான் விழுகிறது.

பழைய புரோகிராம் ஏன் விழவில்லை? சிஆர்டிஆர்பிஜிபிஜிஎம் கட்டளையில் ஐஜிஎன்டிஇசிஇஆர்ஆர் என்று ஓர் ஆப்ஷன் உண்டு: டெசிமல் பிழையைக் கண்டுகொள்ளாதே. யாரோ ஒருவர் ஒரு மாதக் கடைசி இரவில் அதை ஸ்டார் எஸ் ஆக்கிவிட்டுப் போயிருப்பார், பிறகு அதுவே அந்த இடத்தின் வழக்கமாகியிருக்கும். ஐஎல்இ கம்பைலரில் அந்த ஆப்ஷன் இல்லை.

அதற்குக் கிட்டத்தட்ட மாற்று எஃப்ஐஎக்ஸ்என்பிஆர். ஸ்டார் ஜோண்டு என்றால் ஜோண்டு (பைட்டுக்கு ஓர் இலக்கம்) ஃபீல்டில் உள்ள வெற்றிடம் பூஜ்யமாகும். ஸ்டார் இன்புட்பேக்டு என்றால் ஃபைலிலிருந்து வாசிக்கும் தவறான பேக்டு மதிப்பு பூஜ்யமாகும். ஓடவிட இது போதும். ஆனால் தொகை ஃபீல்டுகள் உள்ள ஃபைலில் இதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். குறி மட்டும் கெட்டுப்போன ஒரு பெரிய தொகையும் அதே வேகத்தில் பூஜ்யமாகிவிடும், யாருக்கும் தெரியாது.

முதலில் கெட்ட டேட்டா ஃபைலில் இருக்கிறதா, புரோகிராமுக்குள் பிறக்கிறதா என்று பிரியுங்கள். டிஎஸ்பிபிஎஃப்எம் போட்டு எஃப்10 அழுத்தினால் ரெக்கார்டு ஹெக்ஸில் தெரியும். ரெக்கார்டுகள் லட்சக்கணக்கில் என்றால் எஸ்க்யூஎல்லில் ஹெக்ஸ் ஃபங்ஷனை அந்த ஃபீல்டின் மேல் போட்டு, வலக்கோடி எழுத்து சி, டி, எஃப் மூன்றிலும் இல்லாதவற்றைத் தேடுங்கள். புதிய ரிலீஸ்களில் சிஸ்டூல்ஸ் ஸ்கீமாவில் வேலிடேட் டேட்டா என்ற டேபிள் ஃபங்ஷன் இந்த வேலையை ஃபைல் முழுவதற்கும் செய்துதரும். ஃபைல் சுத்தமாக இருந்தால் குற்றவாளி உள்ளே இருக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர்தான். ஐஎன்இசட் சேர்த்தால் முடிந்தது.


டேபிளுக்கு டேட்டா ஏற்றும்போது மட்டும் பிழை. பழைய ஃபைலில் பிரச்சினையே இல்லை

மேலே சொன்னதன் மறுமுகம். டிடிஎஸ் ஃபைல், எழுதும்போது டேட்டாவைச் சோதிக்காது; வாசிக்கும்போதுதான் தெரியவரும். எஸ்க்யூஎல் டேபிள் எழுதும்போதே சோதிக்கும். இத்தனை வருடம் யாரும் வாசிக்காத ஒரு ஃபீல்டில் குப்பை கிடந்தால் ஃபைலை நகலெடுக்கும் சிபிஒய்எஃப் அந்த ரெக்கார்டில் நின்றுவிடும். டேபிளைக் குறை சொல்லாதீர்கள். குப்பையை ஃபைலிலேயே சரிசெய்துவிட்டு ஏற்றுங்கள்.


ஆர்என்எக்ஸ்0103: விடை ஃபீல்டில் கொள்ளவில்லை

ஃபிக்ஸ்டு ஃபார்மட்டில் இருந்த கணக்குகளை ஃப்ரீ ஃபார்மட்டில் எழுதிய பிறகு வருவது. பழைய ஆட், மல்ட், இசட்-ஆட் எல்லாம் விடை பெரிதாக இருந்தால் இடப்பக்க இலக்கங்களை வெட்டிவிட்டுச் சும்மா போய்விடும். 3 இலக்க கவுன்ட்டரில் 999-உடன் 1 கூட்டினால் 000. ஃப்ரீ ஃபார்மட்டில் வரும் எவால் அப்படிச் செய்யாது, 103 என்ற பிழையோடு நிற்கும். டிரங்க்நம்பர் ஆப்ஷன் எக்ஸ்பிரஷன்களுக்குப் பொருந்தாது என்பதால் அதை மாற்றியும் பயனில்லை.

இங்கே ஃபீல்டைப் பெரிதாக்கி ஓடவிடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழையவர்கள் இந்த வெட்டலை வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கிறார்கள். தேதியைத் திருப்பிப்போடும் வித்தை அதில் பிரபலம். மாதம்-நாள்-வருடம் என்று 6 இலக்கத்தில் இருக்கும் 123199-ஐ 10000.01 ஆல் பெருக்கினால் 1231991231.99. இதை 6 இலக்க, தசமம் இல்லாத ஃபீல்டில் போட்டால் இடப்பக்கமும் தசமமும் வெட்டுப்பட்டு 991231 நிற்கும். வருடம்-மாதம்-நாள். ஒரே வரியில் வேலை முடிந்தது. திரும்பி வருவதற்கு 100.0001 ஆல் பெருக்குவார்கள்.

மல்ட் இருக்கும்வரை இது ஓடும். எவாலாக மாற்றிய அன்று விழும். ஃபீல்டைப் பெரிதாக்கினால் விழாது, ஆனால் வெட்டு நடக்காது, தேதி இருக்க வேண்டிய இடத்தில் பத்து இலக்க எண் ஒன்று நிற்கும். ஆகவே கன்வெர்ஷனுக்கு முன் சோர்ஸ் முழுவதிலும் 10000.01, 100.0001 இரண்டையும் எஃப்என்டிஎஸ்டிஆர்பிடிஎம் போட்டுத் தேடிவிடுவது நல்லது. கிடைத்த இடங்களில் டேட் ஃபங்ஷன், டெசிமல் ஃபங்ஷன் இரண்டையும் வைத்து எழுதுங்கள்.

அப்படி எழுதியதும் அடுத்த பிழை வரும்: 112, தவறான தேதி. பெருக்கல் வித்தைக்கு 000000-மும் 999999-மும் வெறும் எண்கள். டேட் ஃபங்ஷனுக்கு அவை தேதியே அல்ல. பழைய ஃபைல்களில் பூஜ்யம் என்றால் 'இன்னும் தேதி இல்லை', 9-கள் என்றால் 'முடிவே இல்லை' என்ற பொருளில் கிடக்கும். டெஸ்ட் ஆப்கோடால் முதலில் சோதியுங்கள், அல்லது மானிட்டருக்குள் வையுங்கள். இரண்டு இலக்க வருடம் வைத்தே தொடர்வதென்றால், 40 முதல் 99 வரை 1940-99 என்றும் 00 முதல் 39 வரை 2000-39 என்றும் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீண்டகாலக் கடன், குத்தகை ஃபைல்கள் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டியவை.

இதே குடும்பத்தில் இன்னொன்று மூவ். பிழை வராது, டேட்டா மட்டும் மாறும். '12345' இருக்கும் ஃபீல்டுக்கு '99'-ஐ மூவ் செய்தால் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு '12399' ஆகும். எவால் செய்தால் '99' இடப்பக்கம், மீதி வெற்றிடம். சிவிடிஆர்பிஜிஎஸ்ஆர்சி மூவ்களை அப்படியே விட்டுவிடும், அதனால் அந்தக் கட்டத்தில் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு ஃப்ரீ ஃபார்மட்டுக்குக் கையால் மாற்றுகிறவர்கள்தான் மாட்டுவார்கள். எண்ணும் எழுத்தும் கலந்த மூவ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், சுருக்குவழி கிடையாது.


ஓப்பன் க்வெரி ஃபைல் வடிகட்டியது எல்லாம் போய், முழு ஃபைலும் ரிப்போர்ட்டில் வருகிறது

எந்த மெசேஜும் இல்லை. ஒரு கிளைக்கான ரிப்போர்ட் கேட்டால் எல்லாக் கிளையும் வருகிறது, வரிசையும் கலைந்திருக்கிறது. சிஎல் புரோகிராமைத் திறந்தால் ஓவிஆர்டிபிஎஃப் (ஃபைலுக்கான ஓவர்ரைடு), ஓப்பன் க்வெரி ஃபைல் (வடிகட்டித் திறக்கும் கட்டளை) இரண்டும் ஒழுங்காகவே இருக்கின்றன.

காரணம் ஆக்டிவேஷன் குரூப், அதாவது ஒரு ஜாப்புக்குள் புரோகிராம்களும் அவற்றின் ஃபைல்களும் இருக்கும் தனிப் பகுதி. ஆர்பிஜி 3 காலத்தில் எல்லாமே டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப்பில் ஓடும், எனவே சிஎல் திறந்த பாதையை ஆர்பிஜி அப்படியே பகிர்ந்துகொள்ளும். ஐஎல்இக்கு மாற்றி டிஎஃப்டிஏசிடிஜிஆர்பி ஸ்டார் நோ என்று கம்பைல் செய்ததும் ஆர்பிஜி கியூஐஎல்இ-க்கோ வேறு ஒரு குரூப்புக்கோ குடிபோய்விட்டது. ஷேர் செய்த பாதை, சொல்லாமல் விட்டால், அந்தந்த குரூப்புக்குள் மட்டும்தான். ஆர்பிஜி தன் குரூப்பில் தேடுகிறது, கிடைக்கவில்லை, ஃபைலைப் புதிதாக முழுசாகத் திறந்துகொள்கிறது.

ஓவர்ரைடுக்கும் இதே கதை, கொஞ்சம் வேறுபாட்டோடு. பழைய சிஎல் டிஃபால்ட் குரூப்பில் இருக்கும்வரை அதன் ஓவர்ரைடு கால் லெவலில் நிற்கும், கீழே அழைக்கப்படும் எல்லாருக்கும் தெரியும். சிஎல்லையும் ஐஎல்இ ஆக்கி வேறொரு பெயருள்ள குரூப்பில் வைத்தால் ஓவர்ரைடு அந்த குரூப்போடு கட்டுண்டுவிடும். அதனால்தான் 'ஆர்பிஜியை மாற்றியபோது ஓவர்ரைடு வேலை செய்தது, சிஎல்லையும் மாற்றிய பிறகு நின்றுவிட்டது' என்று சொல்வார்கள்.

உடனடித் தீர்வு: ஓவிஆர்டிபிஎஃப்பில் ஓவர்ரைடு ஸ்கோப், ஓப்பன் ஸ்கோப் இரண்டையும், ஓப்பன் க்வெரி ஃபைலில் ஓப்பன் ஸ்கோப்பையும் ஸ்டார் ஜாப் ஆக்குவது. வேலை முடிந்ததும் டெலீட் ஓவர்ரைடையும் அதே லெவலில் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்து ஓடும் புரோகிராமையும் அது பிடிக்கும். நிலையான தீர்வு: ஒரு அப்ளிகேஷனின் சிஎல்லும் ஆர்பிஜியும் ஒரே பெயருள்ள குரூப்பில், துணைப் புரோகிராம்கள் ஸ்டார் காலரில். ஸ்டார் நியூவை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பிலும் குரூப்பை உருவாக்கி, ஃபைலைத் திறந்து, மூடி, அழிக்கும். ஒரு லூப்புக்குள் அழைத்தால் ஸ்லோ என்று புகார் வருவதில் ஆச்சரியமில்லை.


இரண்டாவது தடவை அழைத்தால் பழைய கூட்டுத்தொகை ஒட்டிக்கொண்டு வருகிறது

எல்ஆர் இண்டிகேட்டர் (புரோகிராம் முடிந்தது என்னும் குறி) ஆன் ஆகாமல் திரும்பினால் வேரியபிள்கள் அப்படியே நிற்கும். இது பழைய விஷயம்தான். புதிதாக மாட்டுவது, ஆர்பிஜியின் தானியங்கி சைக்கிளை எடுத்துவிட்டு கன்ட்ரோல் ஆப்ஷனில் மெயின் புரொசீஜர் வைக்கும்போது. அப்போது எல்ஆருக்கு வேலையே இல்லை. குளோபல் வேரியபிள்கள் ஒரு தடவைதான் தொடக்க மதிப்பு பெறும், ஃபைல்களும் தானாக மூடாது. கூட்டுத்தொகைகளை புரொசீஜருக்குள் லோக்கலாக நகர்த்துங்கள், ஃபைலை நீங்களே மூடுங்கள்.


எஸ்க்யூஎல் டேபிளாக்கிய பிறகு 'கடைசி ரெக்கார்டு' கடைசியில் இல்லை

சிஆர்டிபிஎஃப் செய்த ஃபைலில், அழிக்கப்பட்ட ரெக்கார்டின் இடத்தை மறுபடி பயன்படுத்துவது டிஃபால்டாக இல்லை. கிரியேட் டேபிள் செய்ததில் உண்டு. எனவே புதிய ரெக்கார்டு கடைசியில் சேராமல், நடுவில் காலியான இடத்தில் போய் உட்காரலாம். கீ இல்லாமல் வந்த வரிசையில் வாசித்து, கடைசியில் வருவதுதான் புதியது என்று நம்பும் புரோகிராம்கள், ரிலேட்டிவ் ரெக்கார்டு எண்ணைச் சேமித்துவைக்கும் புரோகிராம்கள் இரண்டும் இங்கே தடுமாறும். சில நாள் சரியாக ஓடிவிட்டு, முதல் பர்ஜ் (பழைய ரெக்கார்டுகளை அழிப்பது) முடிந்த பிறகு கோளாறு தொடங்குவதுதான் இதன் அடையாளம். சிஎச்ஜிபிஎஃப்பில் ஆர்இயுஎஸ்இடிஎல்டி ஸ்டார் நோ ஆக்கினால் தற்காலிகமாக நிற்கும். புதிய டேபிளில் ஒரு ஐடென்டிட்டி காலமோ டைம்ஸ்டாம்ப்போ வைத்து அதன்படி வாசிப்பதே நிலைக்கும்.


பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிழையும் வரவில்லை

வெப்பிலிருந்து பழைய ஆர்பிஜியை அழைக்கும் ஏற்பாடு. டபிள்யூஆர்கேஆக்ட்ஜாப் போட்டு கியூயுஎஸ்ஆர்டபிள்யூஆர்கே சப்சிஸ்டத்தில் கியூஇசட்டிஏஎஸ்ஓஐஎன்ஐடி ஜாப்களைப் பாருங்கள். ஒன்றின் ஸ்டேட்டஸ் எம்எஸ்ஜிடபிள்யூ என்று இருந்தால், புரோகிராம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. சி, ஜி, டி, எஃப் என்று பதில் கேட்டு நிற்கிறது. முன்பு டெர்மினல் முன்னால் ஒருவர் இருந்தார், சி (ரத்து) அழுத்தினார். இங்கே யாரும் இல்லை. ஜாப் டிஸ்கிரிப்ஷனில் ஐஎன்க்யூஎம்எஸ்ஜிஆர்பிஒய் ஸ்டார் டிஃப்டி வைத்தால் காத்திருக்காமல் பிழையோடு திரும்பும். அழைக்கும் புரொசீஜரின் வெளிச்சுற்றில் மானிட்டர் வைத்துப் பிழையைச் செய்தியாகத் திருப்பி அனுப்புவது இன்னும் நல்லது.

எம்எஸ்ஜிடபிள்யூ இல்லை, எல்சிகேடபிள்யூ என்றால் ரெக்கார்டு லாக். டிஃபால்ட் காத்திருப்பு 60 விநாடி, பிறகு ஆர்என்எக்ஸ்1218, அதற்கு மேலே சிபிஎஃப்5027. யார் பிடித்திருக்கிறார்கள் என்று டிஎஸ்பிஆர்சிடிஎல்சிகே சொல்லும். அப்டேட்டுக்குத் திறந்த ஃபைலில் செயின் (கீ மூலம் வாசிப்பது) செய்த மாத்திரத்தில் லாக் விழுகிறது. 5250 (பழைய டெர்மினல்) திரையில் ரெக்கார்டைக் காட்டிவிட்டு ஆபரேட்டர் எழுந்து போனாலும் லாக் நிற்கும். காட்டுவதற்கு மட்டும் என்றால் 'என்' எக்ஸ்டெண்டரோடு (லாக் இல்லாமல்) செயின். அப்டேட் செய்யும் தருணத்தில் மறுபடி லாக்கோடு வாசித்து, இடையில் வேறு யாரும் மாற்றவில்லை என்று ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு விபரீதம்: ஒரு பயனருக்கு இன்னொருவரின் கிளை டேட்டா தெரிகிறது. எல்டிஏ என்னும் 1024 பைட் லோக்கல் டேட்டா ஏரியாவையும் கியூடெம்ப்பையும் தேடுங்கள். இரண்டும் ஜாப்புக்கு ஒன்று. ஒரு பயனர் ஒரு ஜாப் என்று இருந்தவரை பத்திரம். கனெக்ஷன் பூல் வந்ததும் ஒரே ஜாப் அடுத்தடுத்த பயனர்களுக்கு வேலை செய்கிறது, முன்னவர் விட்டுச்சென்றது உள்ளேயே கிடக்கிறது. பயனர் விவரத்தைப் பாராமீட்டராக அனுப்புவதைத் தவிர வழியில்லை. இந்த ஒன்றை மட்டும் லைவ் போவதற்கு முன் கட்டாயம் பாருங்கள், மற்றவை எரிச்சல், இது தகவல் கசிவு.

எஸ்க்யூஎல்0204, 'ஃபைல் இல்லை' என்று வந்தால் லைப்ரரி லிஸ்ட். ஜேடிபிசி (ஜாவாவிலிருந்து டேட்டாபேஸை அணுகும் வழி) கனெக்ஷனில் நேமிங்கை சிஸ்டம் என்று வைத்து லைப்ரரிகளைப் பட்டியலிடுங்கள். எஸ்க்யூஎல் நேமிங்கில் அது லைப்ரரி லிஸ்டில் தேடாது.


பெயர் வரவேண்டிய இடத்தில் எஃப்1, சி3 என்று ஹெக்ஸ் வருகிறது

ஃபைலின் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டு எண்) 65535. 'இதை மாற்றாதே, அப்படியே கொடு' என்று அதற்குப் பொருள். 5250-க்கு அது போதும், ஜாவாவுக்குப் போதாது. ஜேடிபிசியில் டிரான்ஸ்லேட் பைனரி ட்ரூ வைத்தால் அப்போதைக்கு எழுத்து தெரியும். பிறகு ஒரு நகலில் சோதித்துவிட்டு ஃபைலுக்குச் சரியான சிசிஎஸ்ஐடி கொடுங்கள், ஆங்கில டேட்டாவுக்கு வழக்கமாக 37. தமிழ்ப் பெயர்களும் வர வேண்டுமென்றால் 37-இல் அவற்றுக்கு இடமே இல்லை. 1208 அல்லது 1200 காலம் வேண்டும். 1208-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் நீளத்தை அதற்கேற்ப வையுங்கள், இல்லையென்றால் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

வரிசை மாறுவதும் இங்கேதான். எப்சிடிக்கில் சின்ன எழுத்து முதலில், பெரிய எழுத்து அடுத்து, எண்கள் கடைசியில். ஆஸ்கியில் எண்கள் முதலில். வேறு மெஷினுக்கு டேட்டாவை எடுத்துப்போய் அங்கே சார்ட் செய்தால் பார்ட் நம்பர் வரிசை தலைகீழாகத் தெரியும். 'ஏ முதல் 9 வரை' என்று ரேஞ்ச் கேட்கும் பழைய ரிப்போர்ட் ஒன்றுமே திருப்பாது.


எஸ்க்யூஎல்7008

எம்பெடட் எஸ்க்யூஎல் சேர்த்த முதல் நாளே வரும். சிஆர்டிஎஸ்க்யூஎல்ஆர்பிஜிஐ கட்டளையில் கமிட் டிஃபால்ட் ஸ்டார் சிஎச்ஜி. ஃபைல் ஜர்னல் (மாற்றங்களின் பதிவு) ஆகவில்லை. கமிட் ஸ்டார் நன் என்று செட் ஆப்ஷனில் எழுதினால் போய்விடும். ஆனால் பணம் நகரும் ஃபைல் என்றால் ஜர்னலைத் தொடங்குங்கள், கமிட்டை அணைக்காதீர்கள்.


எம்சிஎச்4431: சிக்னேச்சர் வயலேஷன்

சர்வீஸ் புரோகிராமில் (பல புரோகிராம்கள் பகிரும் புரொசீஜர் தொகுப்பில்) ஒரு புரொசீஜர் சேர்த்தீர்கள், தொடாத புரோகிராம்கள் விழுகின்றன. எக்ஸ்போர்ட் ஸ்டார் ஆல் என்று கட்டியிருந்தால், எக்ஸ்போர்ட் பட்டியல் மாறும்போதெல்லாம் சிக்னேச்சரும் மாறும். பைண்டர் சோர்ஸ் எழுதுங்கள்: இப்போதைய பட்டியல் ஸ்டார் கரன்ட், பழையது ஸ்டார் பிரிவ், புதிய பெயர்கள் எப்போதும் கடைசியில். நடுவில் நுழைத்தால் பழைய புரோகிராம் வேறொரு புரொசீஜரை அழைக்கும், அதற்கு மெசேஜ்கூட வராது.


எஸ்இயூவில் வரிக்கு வரி சிவப்பு, கம்பைல் மட்டும் சுத்தம்

பழைய எடிட்டரான எஸ்இயூவின் சின்டாக்ஸ் சோதனை ஓஎஸ் ரிலீஸ் 6.1-உடன் நின்றுவிட்டது. 2013-இல் வந்த ஃப்ரீ ஃபார்மட் டிக்ளரேஷன்கள் அதற்குத் தெரியாது. சோதனையை அணைத்துவிடுங்கள், அல்லது ஆர்டிஐ, விஎஸ் கோடு இரண்டில் ஒன்றுக்கு மாறிவிடுங்கள். கோடில் எந்தக் குறையும் இல்லை.